மாலையில் இறங்கும் சுருதி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்த இசைவாணி டீச்சர், கணவரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது நாலாவதோ ஐந்தாவதோ.

"விருதுநகர்ல டீச்சர்களுக்கு ஒரு மீட்டிங். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"சனிக்கிழமையுமா மீட்டிங் வைக்காங்க?" என்று கேட்ட செல்வக்குமார் அதற்குமேல் கேட்கவில்லை. காலண்டர் சீசன். அவர் ஆப்செட் மிஷின் ஓட்டும் அச்சகத்தில் அடுத்த வருடத்துத் தேதிகள் இரவு பகலாக அச்சாகிக்கொண்டிருந்தன. பாதி இட்லியோடு எழுந்து போய்விட்டார்.

இசைவாணி போனது மீட்டிங்குக்கு அல்ல. காது டாக்டரிடம்.

மூன்று வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்த பயம் இது. அது புரிய வேண்டுமென்றால் அவளுடைய காதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு ஸ்வரத்தை இன்னொரு ஸ்வரத்தோடு ஒப்பிட்டால்தான் அது மேலா கீழா என்று தெரியும். கண்ணைக் கட்டி மாடிப்படியில் நிறுத்தினால், அடுத்த படிக்கு ஏறவும் இறங்கவும் தெரியுமே தவிர, நிற்பது எத்தனையாவது படி என்று சொல்ல முடியாது அல்லவா, அதுபோல. ஆயிரத்தில் ஒருவர், இரண்டாயிரத்தில் ஒருவர், நிற்கும் படியையே சொல்லிவிடுவார்கள். இசைவாணி அந்த வகை. அவளிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு. டிபன் பாக்ஸ் மூடியை ஸ்கேலால் தட்டிவிட்டு, "இது என்ன டீச்சர்?" என்பார்கள். கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, "பி ஃபிளாட். மூடியை எடுத்துப் பைக்குள்ள வை" என்பாள்.

அந்தக் காதுதான் இப்போது மாறிப் பேசியது.

காலையில் ஒன்றும் இல்லை. பள்ளிப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியப் பெட்டியில் வாசித்தால் ஜி என்ற ஸ்வரம் ஜி-யாகவே கேட்டது. ஞாயிறு காலை ஆராதனையில் ஆலயத்தின் பழைய பெடல் ஆர்கனை மிதித்து வாசித்தாலும் சரியாகவே இருந்தது. ஆனால் செவ்வாய், வியாழன், சனி மாலைகளில், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கீத ஆராதனைக்காகப் பாடகர் குழுவைக் கூட்டிவைத்துக் கீபோர்டின் முன் உட்கார்ந்தால், விரல் ஜி-யில் இருக்கும். காதில் எஃப் விழும். இரண்டு படி கீழே. குழுவிலுள்ள இருபத்திரண்டு பேரும் நிம்மதியாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சலனம் இருக்காது. எல்லோருக்கும் சரியாகக் கேட்பது தனக்கு மட்டும் தவறாகக் கேட்டால் கோளாறு எங்கே இருக்கும்?

அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு சாயங்காலம், "என்னட்டி, கோயில் மணி இறங்கி அடிக்கு?" என்று கேட்டாள். மணி இறங்கவில்லை. நாலே வருடத்தில் அம்மா பாட்டுக்காரர்கள் வரிசையிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். பக்கத்திலிருப்பவர் உதட்டைப் பார்த்துப் பாடினாள். பிறகு பாடவே இல்லை.

இசைவாணிக்கு இப்போது ஐம்பத்தொன்று.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ஓவியாவிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஆலயத்துக் குருவானவரிடம் மட்டும், "சனிக்கிழமை ஒரு விஷயம் பேசணும் ஐயா" என்று சொல்லிவைத்தாள். காது போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால், பத்தொன்பது வருடமாக நடத்தும் பாடகர் குழுவை இன்று மாலையே ஒப்படைத்துவிடுவது. கீத ஆராதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வேறு ஒருவர் பழக்கிக்கொள்ள அது போதும். தப்பான காதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேரைத் தப்பாக நடத்துவது அவளால் ஆகாது.

ஆமத்தூர் தாண்டும்போது எதிரே வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. ஏ. சந்தேகமில்லாத ஏ. காலை நேரம்தானே, இப்போது சரியாகத்தான் இருக்கும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

காது டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். வலது காதில் கொஞ்சம் அழுக்கு இருந்ததை எடுத்துவிட்டு, "டெஸ்ட் எடுத்துட்டு வாங்கம்மா" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த பெண்ணின் பெயர் அனுப்பிரியா என்று சட்டையில் குத்தியிருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும்.

"கம்மலைக் கழட்டிருங்க மேடம். ஹெட்போன் அமுக்கும்."

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தியதும் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அனுப்பிரியா.

"கேட்டா அமுக்குங்க. ரொம்ப லேசாக் கேட்டாலும் அமுக்கணும். கேக்காதப்ப அமுக்கக் கூடாது. எல்லாரும் பாஸாகணும்னு சும்மா சும்மா அமுக்குவாங்க."

இந்தச் சோதனை நடக்கும் முறை அழகானது. முதலில் நன்றாகக் கேட்கும் அளவில் ஒரு 'கூ' சத்தம் வரும். அமுக்கினால் அதைப் பத்து அளவு குறைப்பார்கள். மறுபடி அமுக்கினால் மறுபடி பத்து. கேட்காமல் போகும் இடம் வந்ததும் ஐந்து ஐந்தாகக் கூட்டுவார்கள். கீழே பத்து, மேலே ஐந்து. கிணற்றில் வாளியை இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை லேசாக இழுத்துப் பார்ப்பதுபோல. நீர்மட்டம் எங்கே இருக்கிறதென்று பிடிபட்டுவிடும். கனத்த சத்தம் முதல் விசில்போன்ற சத்தம் வரை, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக.

இசைவாணி அமுக்கினாள். அமுக்கினாள். சில இடங்களில் சத்தம் இருக்கிறதா, இருப்பதாகத் தனக்கு ஆசையா என்று தெரியவில்லை. அப்போது அமுக்கவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதுவதை இத்தனை வருடம் கண்டித்தவள், இங்கே தானே எழுதிவிடக் கூடாது.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"என்ன மேடம், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சொல்லு."

அனுப்பிரியா ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இரண்டு வரிசையும் தாளின் மேல் ஓரத்தில், கொடியில் துணி காயப்போட்டதுபோல ஒட்டித் தொங்கின.

"இது மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?"

"மேல இருந்தா நல்லது. உங்களுக்கு முப்பது வயசுக்காரங்க சார்ட் மாதிரி இருக்கு. கடைசியில அந்த விசில் சத்தத்துல மட்டும் ஒரு புள்ளி இறங்கியிருக்கு. அது எல்லாருக்கும் இறங்கும்."

இசைவாணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்றது.

"இதுல சுருதி தெரியுமாம்மா? ஒரு ஸ்வரம் எனக்கு வேற ஸ்வரமாக் கேக்குது. அதுக்குத்தான் வந்தேன்."

"இதுல சத்தம் எம்புட்டு லேசாக் கேக்குதுன்னுதான் தெரியும்." அனுப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். கைபேசியை எடுத்து எதையோ திறந்தாள். "என் தம்பி கிட்டார் கம்பியை முறுக்க வச்சிருக்கற ஆப் இது. பாடுற சத்தம் நொடிக்கு எத்தனை தடவை அதிருதுன்னு நம்பர் காட்டும். ஏதாவது ஒரு ஸ்வரத்தை மனசுல நினைச்சு, அதைப் பாடுங்க."

"ஏ பாடுறேன்." பாடினாள்.

"நானூத்து நாப்பத்தொண்ணு. எவ்வளவு வரணும்?"

"நானூத்து நாப்பது."

"ஒண்ணு கூடிப்போச்சு. பரவாயில்லையா?" என்று சிரித்தாள் அனுப்பிரியா.

"காலையில சரியாத்தான் இருக்கும்மா. சாயங்காலம் ஆனா இறங்கிருது."

"சாயங்காலம் எதுல வாசிக்கீங்க?"

"கோயில் கீபோர்டுல."

"காலையில?"

"ஸ்கூல் ஆர்மோனியம். ஞாயித்துக்கிழமைன்னா பெடல் ஆர்கன்."

"அப்ப நேரம் மட்டும் மாறலையே மேடம். பெட்டியும் சேந்துல்ல மாறுது?"

இசைவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எட்டாம் வகுப்பு, முதல் பாடம். செடி எதனால் வாடியது என்று தெரிய வேண்டுமென்றால், தண்ணீரையும் வெயிலையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. ஜூன் மாதம் பிறந்தால் இதைத்தான் அவள் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவாள். எழுதாமல் விட்ட பிள்ளையைத் திரும்ப எழுதச் சொல்லுவாள். இருபத்தெட்டு வருடப் பாடம், தன் பயம் என்று வந்தபோது மட்டும் மறந்துபோயிருந்தது.

"நான் என்ன டீச்சர் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"பாட்டு டீச்சர்தான?"

"இல்ல. சயின்ஸ்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டாக்டர் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

*

பயிற்சி ஐந்தரைக்கு. இசைவாணி நாலேகாலுக்கே ஆலயத்துக்கு வந்துவிட்டாள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நேரம் மாலை, அது அப்படியே இருக்கட்டும். பெட்டியை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

முதலில் பெடல் ஆர்கன். அதன் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. காலால் மிதித்தால் துருத்தி காற்றை இழுக்கும்; காற்று நாக்கைத் தாண்டிப் போகும்போது நாக்கு அதிரும். எவ்வளவு வேகமாக அதிர வேண்டும் என்பதை அந்த நாக்கின் நீளமும் கனமும் என்றைக்கோ முடிவு செய்துவிட்டன. யாரும் அவ்வளவு லேசில் மாற்ற முடியாது. ஜி-யை அமுக்கினாள். ஜி கேட்டது. மாலை நாலேகாலுக்கு, ஜி.

இப்போது கீபோர்டு. சுவிட்சைப் போட்டாள். விரலை வைக்குமுன் ஒருமுறை கண்ணை மூடினாள். அமுக்கினாள்.

ஜி.

இரண்டும் ஒன்றே. காது சரி, ஆர்கன் சரி, கீபோர்டும் சரி. அப்படியானால் மூன்று வாரமாக அவள் கேட்டது என்ன?

நிம்மதி வரவேண்டிய இடத்தில் புதிதாக ஒரு பயம் வந்தது. காது சரியாக இருந்து, பெட்டியும் சரியாக இருந்தால், மிச்சமிருப்பது தலைக்குள்ளே. இது காது டாக்டர் பார்க்கிற விஷயமில்லை.

கீபோர்டை அணைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். பாட்டுத் தாள்களை எடுத்து அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். வெளியே ஒவ்வொருவராக வரும் சத்தம் கேட்டது. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரபாகரனின் பைக். கணவர் செல்வக்குமாரின் இருமல். அச்சகத்திலிருந்து நேரே வந்திருப்பார். மைக், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் வயர் மாட்டி, சுவிட்ச் போட்டுத் தயாராக வைப்பது அவருடைய ஊழியம். பிறகு கூட்டத்தோடு நின்று அடிக்குரலில் பேஸ் பாடுவார்.

கடைசியாக வந்தது ஞானப்பூ. செல்வக்குமாரின் தங்கை. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். குழுவின் முதல் குரல். கீத ஆராதனையில் தனிப்பாட்டு அவளுக்குத்தான். "மதினி இன்னும் வரலையா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. குரல் கொஞ்சம் கட்டியிருந்ததுபோல இருந்தது. இசைவாணி இருந்த நிலையில் அது மனதில் தங்கவில்லை.

ஐந்தரைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜெபம். தாள்கள் கைமாறின.

ஜி-யில் விரலை வைத்து அமுக்கினாள்.

எஃப்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒன்றை மட்டும் மாற்று. நாலேகாலுக்கு இதே கீபோர்டு. இதே காது. இதே மாலை, இதே நாற்காலி. ஒன்றேகால் மணி நேரத்தில் மாறியது என்ன? அணைத்திருந்த கீபோர்டை யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். அது ஒன்றுதான்.

இசைவாணி எழுந்தாள். நாலடி தள்ளியிருந்த பெடல் ஆர்கனில் போய் உட்கார்ந்து, மிதித்து, ஜி-யை அமுக்கினாள். அதை விடாமல், "ஏலே பிரபாகரா, கீபோர்டுல எஃபுக்கு அடுத்து வெள்ளைக் கட்டை, ஜி. அதை அமுக்கு" என்றாள்.

பிரபாகரன் அசையவில்லை.

"அமுக்குலே."

அமுக்கினான். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு லாரிபோல நின்றன. ஸ்வரம் தெரியாதவர்களுக்குக்கூடப் பல் கூசியது.

செல்வக்குமார் ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த மைக் வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டத் தொடங்கினார்.

"ஓவியா அப்பா."

"ம்?"

"இங்கன வாங்க."

"வயர் சிக்கிக்கிருச்சு வாணி."

"வயர் இருக்கட்டும். நீங்க வாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யாரோ இடித்து அடக்கினார்கள். செல்வக்குமார் வந்து, கீபோர்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார். அதற்குமேல் மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டன் செய்யும் வேலை எளிது. ஒருமுறை அமுக்கினால் எல்லாக் கட்டைகளின் சுருதியும் ஒரு படி இறங்கும். இரண்டுமுறை அமுக்கினால் இரண்டு படி. மொத்த மாடிப்படியையும் தூக்கிக் கொஞ்சம் பள்ளத்தில் வைத்துவிட்டதுபோல. படிக்கும் படிக்கும் நடுவிலுள்ள உயரம் மாறாததால் ஏறுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அமுக்கும்போது திரையில் ஒரு எண் தோன்றி, இரண்டு விநாடியில் மறைந்துவிடும். சுவிட்சை அணைத்தால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் புதிதாக அமுக்க வேண்டும். மூன்று வாரம், ஒன்பது பயிற்சி. செல்வக்குமார் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம்.

"எதுக்கு?" என்றாள் இசைவாணி. குரல் உயரவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"அது வந்து…"

"நான்தான் மதினி." முன் வரிசையிலிருந்து ஞானப்பூ. "எனக்கு அந்த மேல் ஜி எட்ட மாட்டேங்குது. தொண்டை கட்டிக்கிட்டே இருக்கு. அண்ணன்கிட்டதான் சொன்னேன். கொஞ்சம் இறக்கி வைண்ணேன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, 'சரி ஞானம், இந்த வருஷம் நீ ரெஸ்ட் எடு'ன்னு சொல்லிருவீக. அன்பாத்தான் சொல்லுவீக. அதான் சொல்லலை."

"கம்பெனி வெடிமருந்துத் தூசி டீச்சர், பாவம்" என்றான் பிரபாகரன். "எங்க எல்லாத்துக்கும் தெரியும். நீங்க மட்டும்தான் கண்டுபிடிச்சிருவீகளோன்னு பயந்துக்கிட்டே பாடுனோம்."

"கண்டுபிடிச்சேன்லே. முத நாளே கண்டுபிடிச்சேன்." இசைவாணி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா காது போயிருச்சுன்னுல்ல நினைச்சேன்."

மற்றவர்களுக்கு அது ஒரு வார்த்தை. செல்வக்குமாருக்கு அப்படியல்ல. மாமியார் கடைசி பெஞ்சுக்குப் போனதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

"அப்ப இன்னைக்கு மீட்டிங்?"

"காது டாக்டர்."

செல்வக்குமார் பலிபீடத்துக்கு முன்னாலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாக?"

"முப்பது வயசுக் காதாம்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். நகக்கண்ணில் சிவப்பு மை. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கப்படாதா வாணி? தனியா பஸ் ஏறிப் போயிருக்க."

"நீங்க மட்டும் சொன்னீகளாக்கும்?"

அவர், "இறக்குனதுல எனக்கும்தான் நட்டம்" என்று முனகினார். "பேஸ்ல அடி ஸ்வரம் எனக்கு எட்டவே இல்லை. மூணு வாரமா வாயைத்தான் அசைக்கேன்."

"அடப்பாவி மனுஷா! பேஸ் கேக்கலையே, கேக்கலையேன்னு, அதையும் சேத்துத்தானே காது போச்சுன்னு கணக்குப் போட்டேன்!"

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. இரண்டாம் குரல் பாடும் ஆல்ட்டோ பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிரபாகரன் பாட்டுத் தாளால் முகத்தை மூடிக்கொண்டான். இசைவாணி சிரித்தாள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். மூன்று வாரத்துக் கல் நெஞ்சிலிருந்து உருண்டு போவதை அவளே பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

சத்தம் கேட்டுக் குருவானவர் எட்டிப் பார்த்தார். "ஸ்தோத்திரம். என்ன, இன்னைக்கே கிறிஸ்துமஸ் வந்துருச்சா? டீச்சர், ஏதோ பேசணும்னு சொல்லியிருந்தீகளே?"

இருபத்திரண்டு முகமும் அவளைப் பார்த்தன.

"ஆமா ஐயா. ஓவியா அப்பாவை மைக் செட்டோட நிறுத்திக்கிடச் சொல்லணும். கீபோர்டுப் பக்கம் வரப்படாது."

குருவானவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

இசைவாணி கீபோர்டுக்குத் திரும்பினாள். "சரி. எல்லாப் பாட்டும் அதோட இடத்துலயே. ஞானத்தோட தனிப்பாட்டு மட்டும் இறக்கிப் பாடுவோம். அதுல பேஸ் கிடையாது, யாருக்கும் நட்டம் இல்லை. இனிமே யாருக்கு எது எட்டலைன்னாலும் என்கிட்ட சொல்லணும். எட்டலைன்னு சொன்ன ஆளை நான் வெளியே அனுப்புனேன்னு இருந்தா, இப்பவே சொல்லுங்க."

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அனுப்பியிருந்தாள், இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒருவரை. அது அவளுக்கும் நினைவுக்கு வந்தது. "ஒருக்க செஞ்சேன்," என்றாள். "தப்புதான். இனிமே இல்லை."

அன்றைக்குப் பாட்டு, மூன்று வாரத்தில் முதல்முறையாக, அது எழுதப்பட்ட இடத்தில் நின்றது. பேஸும் கேட்டது. கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

*

ஏழு மணிக்குப் பயிற்சி முடிந்தது. செல்வக்குமார் ஸ்பீக்கரை உள்ளே எடுத்து வைக்கப் போயிருந்தார். இசைவாணி நாத்தனாரின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"திங்கக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிரு. நானும் லீவு போடுறேன். அதே டாக்டர் தொண்டையும் பாப்பாரு."

"திங்கக்கிழமை முடியாது மதினி."

"தூசி உள்ள போயிருந்தா தள்ளிப்போடக் கூடாது ஞானம்."

"தூசி இல்ல மதினி." ஞானப்பூ ஆலயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் கம்பெனிக்குப் போயி மூணு வாரம் ஆச்சு."

"டெய்லி தூக்குச்சட்டியோட வேன் ஏறுதியே?"

"ஏறுதேன். ஆனைக்குட்டம் விலக்கு ரோட்டுல இறங்கிருதேன். சாயங்காலம் அங்கனயே நின்னு, அதே வேன்ல திரும்பி வந்துருதேன்."

"அங்கன என்னட்டி வேலை, தொண்டை கட்டுற அளவுக்கு?"

"அண்ணனுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். உங்ககிட்ட சொல்லுதேன். ஆனா இன்னைக்கு இல்ல."

ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டுச் செல்வக்குமார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஞானப்பூ கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

இசைவாணி அவளைத் தடுக்கவில்லை. மூன்று வாரமாக அவளுடைய காது சுருதியை மட்டும் துரத்திக்கொண்டு, இந்தக் குரலைக் கேட்காமல் விட்டிருந்தது. இப்போது கேட்டது. கட்டியிருந்த, கரகரத்த, பாதி காற்றாகப் போன குரல். அதில் பயம் இல்லை. வலிகூட இல்லை. ஞானப்பூ இப்படிச் சந்தோஷமாகப் பேசி எத்தனை வருடமாயிற்று என்று இசைவாணி எண்ணிப் பார்த்தாள்.